பழைய புத்தகக் கடையும் ஐ-17 நீர்மூழ்கியும்

திருநெல்வேலி சந்திப்பு ஈரடுக்கு மேம்பாலத்துக்கு அருகே ஒரு பழைய புத்தகக் கடை. போர்க்கால ஆங்கில இதழ்களின் கட்டு ஒன்றுக்கு 250 ரூபாய் கேட்டார்கள். "அண்ணாச்சி, முதுகே இல்லையே" என்றேன். 180க்கு இறங்கியது.

எல்வுட் எண்ணெய் வயலைப் பற்றிய நான்கு பக்கங்களுக்காகவே வாங்கினேன். கலிபோர்னியாவில் சாந்தா பார்பராவுக்கு மேற்கே, 1928இல் எண்ணெய் கண்ட கடற்கரை அது. கடலுக்குள் நீளும் மேடைகளிலும் கிணறுகள். 1942 பிப்ரவரி 23 மாலை, அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசிக்கொண்டிருக்க, ஐ-17 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி மேலெழுந்து பீரங்கியால் சுட்டது. பதினைந்துக்கும் மேற்பட்ட குண்டுகள். ஒருவருக்கும் காயமில்லை, சேதமும் சில நூறு டாலர்தான். பீதிதான் பெரிது: மறுநாள் இரவு லாஸ் ஏஞ்சலிஸில் வெறும் வானத்தை நோக்கி 1,400க்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட்டுத் தீர்த்தார்கள். 1914இல் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்த ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் நம் பேச்சில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. ஐ-17க்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பைண்டிங்கும் அங்கேயே செய்கிறார்கள், 90 ரூபாய். நான்கு நாள் என்றது பதினொன்றானது. தையல் உறுதி, மயில்துத்தம் கலந்த பசை, பூச்சி அண்டாது. ஆனால் ஓரம் வெட்டியவர் கை நீண்டுவிட்டது. வரைபடத்தில் எண்ணெய் வயல் இருக்கிறது, கடலைக் காணவில்லை. கேட்டதற்கு, "கடல்தானே சார், எங்கே போய்விடும்?" என்றார். இருபது ரூபாயைத் திருப்பித் தந்தார்.

புத்தகம் வாங்கப் போங்கள். பைண்டிங்குக்குக் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள்.