எஸ்எம்57 மைக்கும் டிஸ்டார்ஷன் கிட்டாரும்: ஏழு ஆண்டு அனுபவம்

ஷூர் எஸ்எம்57 மைக்கை நான் வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. 1965 முதல் விற்பனையில் இருக்கும் இந்த டைனமிக் (காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு இயங்கும்) மைக்கை, செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கர்கள் நான்கு பொருத்தப்பட்ட என் கேபினெட்டின் (ஸ்பீக்கர் பெட்டியின்) முன் வைத்து, டிஸ்டார்ஷன் கிட்டாரை, அதாவது ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கரகரப்பாக்கிய கிட்டாரைப் பதிவுசெய்ய மட்டுமே பயன்படுத்தி வருகிறேன்.

முதல் ஆண்டு முழுவதும் இதை வாங்கியதற்காக வருந்தினேன். அறையில் நெஞ்சை அதிரவைத்த ஒலி, பதிவில் தகர டப்பாவுக்குள் சிக்கிய வண்டின் ரீங்காரமாகக் கேட்டது. பழுது மைக்கில் இல்லை. அதை ஸ்பீக்கரின் நட்டநடு மையத்தை நோக்கி வைத்திருந்ததுதான் தவறு. உச்ச அதிர்வெண்கள் மையத்திலிருந்து ஒரு கற்றையைப் போல நேராகப் பாய்கின்றன. ஆளுயரத்தில் நின்று கேட்கும் நம் காதுக்கு அவை எட்டுவதில்லை, ஆனால் மைக் அவற்றை முழுவதுமாக வாங்கிக்கொள்கிறது. போதாக்குறைக்கு இந்த மைக்கே 5,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைச் சற்றுத் தூக்கிக் காட்டும் இயல்புடையது.

இப்போது டார்ச் விளக்கை முன்துணியின் மேல் சாய்த்துப் பிடித்து, ஸ்பீக்கரின் நடுவிலுள்ள குமிழ் மூடி கூம்போடு சேரும் விளிம்பைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுகிறேன். துணியிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி அந்த விளிம்பில் தொடங்கி, ஹெட்போனில் கேட்டபடியே அரை அங்குலம் அரை அங்குலமாக வெளிப்புறம் நகர்த்தினால், இரைச்சல் அடங்கி ஒலி தடிக்கும் இடம் ஒன்று வரும். அதையும் தாண்டினால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல மந்தமாகிவிடும். துணியை ஒட்டி வைத்தால் அடித்தந்திகளை உள்ளங்கையால் அமுக்கி வாசிக்கும்போது கீழ் அதிர்வுகள் வீங்குகின்றன. ஒரு சாண் பின்னே இழுத்தால் அறையின் ஒலி கலந்து, அடியின் கூர்மை போய்விடுகிறது. நான்கு ஸ்பீக்கரும் ஒரே வகை என்றாலும் என் கேபினெட்டில் இடப்பக்கக் கீழ் ஸ்பீக்கர்தான் நன்றாகப் பேசுகிறது. மற்ற மூன்றையும் கேட்டுப் பார்க்க எனக்கு ஏன் இரண்டு ஆண்டுகள் ஆயின என்பது தெரியவில்லை.

மூன்றாம் ஆண்டில் ராயர் ஆர்-121 ரிப்பன் மைக் (மெல்லிய உலோகப் பட்டை அதிர்ந்து ஒலியைப் பிடிக்கும் வகை) ஒன்றைச் சேர்த்தேன். எஸ்எம்57 விட்டுவிடும் கீழ்-நடு அதிர்வுகளின் சதைப்பற்றை இது அழகாகக் கொடுக்கிறது. முன்னும் பின்னும் ஒரே அளவில் கேட்கும் மைக் என்பதால், பின்சுவரில் தடித்த மெத்தையைத் தொங்கவிட வேண்டியிருந்தது. இரண்டு மைக்குகளுக்கும் ஸ்பீக்கரிலிருந்து உள்ள தூரம் 3.4 சென்டிமீட்டர் வேறுபட்டாலே ஒலி 0.1 மில்லிவினாடி தாமதித்து வரும். 5,000 ஹெர்ட்ஸை ஒட்டி இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆகவே ஒன்றின் துருவத்தை, அதாவது அதன் ஒலி அலையின் மேடு பள்ளத்தைத் தலைகீழாக்கி, ஒலி மிக மெலிந்து போகும் இடம் வரும்வரை நகர்த்தி, பிறகு துருவத்தைப் பழையபடி திருப்பிவிடுகிறேன். அந்த இடத்தில்தான் இரண்டும் சேர்ந்து முழுமையாக ஒலிக்கின்றன.

ரிப்பனுக்கு நேர்ந்த விபத்து என் கைவேலைதான். நானே பற்றவைத்த கேபிளில் ஒரு முனை தரைக்கம்பியோடு ஒட்டியிருந்ததைக் கவனிக்காமல் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரத்தை (சிலவகை மைக்குகளுக்குக் கேபிள் வழியே அனுப்பும் மின்சாரம்) போட்டுவிட்டேன். ரிப்பன் இழுபட்டு, அதை மாற்றவேண்டியதாயிற்று. எஸ்எம்57 ஸ்டாண்டிலிருந்து இருமுறை தரையில் விழுந்தும், தலைப்பகுதியின் பிளாஸ்டிக் வலை லேசாக ஆடுவதைத் தவிர அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

மைக்கைக் குறை சொல்லும் முன் ஆம்பின் கெயினையும் (டிஸ்டார்ஷனைக் கூட்டிக் குறைக்கும் அளவு) பார்க்க வேண்டும். ஒரே பகுதியை இருமுறை வாசித்து இடமும் வலமுமாகப் பிரித்து வைக்கும்போது டிஸ்டார்ஷன் கூடித் தெரியும் என்பதால், தனியாகக் கேட்கையில் கொஞ்சம் போதாது என்று தோன்றும் அளவிலேயே பதிவுசெய்கிறேன். வேகமான பாடல்களுக்கு இப்போது எஸ்எம்57 ஒன்றே போதுமாக இருக்கிறது. மெதுவான, கனத்த பாடல்களுக்கு மட்டும் ரிப்பனைப் பெட்டியிலிருந்து எடுக்கிறேன், கேபிளை மீட்டரில் சோதித்துவிட்டு.