ரால்ஃப் மெக்குவாரி பாக்ஸ் செட், காசுக்கு தகுமா?

ரொம்ப நாளா கார்ட்லயே கெடந்துச்சு, போன மாசம் ஒருவழியா வாங்கிட்டேன். ஏப்ரம்ஸ் பதிப்பகம் 2016ல போட்ட 'ஸ்டார் வார்ஸ் ஆர்ட்: ரால்ஃப் மெக்குவாரி', ஸ்டார் வார்ஸ் படம் எடுக்கறதுக்கு முன்னாடியே அது எப்படி இருக்கணும்னு வரைஞ்ச ஓவியரோட புக்கு, ரெண்டு வால்யூம், மொத்தம் 800 பக்கம். செம வெயிட்டு, படுத்துக்கிட்டு பாக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க மூக்கு போயிடும். டெலிவரில பெட்டி மூலை நசுங்கி வந்துச்சு, அது வித்தவன் பேக்கிங் லட்சணம்.

மெக்குவாரி 1975ல ஸ்டார் வார்ஸ் டைரக்டர் ஜார்ஜ் லூகாஸ் கிட்ட வர்றதுக்கு முன்னாடி போயிங் விமானக் கம்பெனில டெக்னிக்கல் படம் வரைஞ்சவரு, அப்புறம் சிபிஎஸ் டிவிக்கு அப்போலோ நிலாப் பயணத்த அனிமேஷன்ல காட்ட வேலை பாத்திருக்காரு. அந்தப் பழக்கம் ஒவ்வொரு பக்கத்துலயும் தெரியுது, இல்லாத விண்வெளிக் கப்பலக் கூட இன்ஜின் இங்க கதவு இங்கன்னு நம்ப வச்சிடறாரு. மொத ஸ்டார் வார்ஸ் படத்துக்கு காசு போட ஃபாக்ஸ் கம்பெனிய சம்மதிக்க வச்சதுல இவரு பெயிண்டிங்குக்கு பெரிய பங்குன்னு சொல்லுவாங்க, பெரிய சைஸ்ல பாத்தப்போ தான் எனக்கு அது ஏன்னு புரிஞ்சுது.

ஆனா நான் அதிக நேரம் உக்காந்தது பெயிண்டிங்ல இல்ல, பென்சில் ஸ்கெட்ச்ல தான். வில்லன் டார்த் வேடர் லூகாஸ் மனசுல மூஞ்சிய துணியால மூடுன கருப்பு அங்கிக்காரன் தான், ஸ்கிரிப்ட படிச்ச இவரு ஒரு கப்பல்ல இருந்து இன்னொரு கப்பலுக்கு விண்வெளில தாவுறானே மூச்சுக்கு என்ன பண்ணுவான்னு கேட்டு மாஸ்க்க மாட்டி விட்டுட்டாரு, இன்னைக்கு அந்த மாஸ்க் இல்லாம வேடரே கெடையாது. ஹீரோ லூக்க பொண்ணா வரைஞ்சது, வில்லன் பக்கத்து சிப்பாய் ஸ்டார்ம்ட்ரூப்பர் கையில லைட்சேபர்ங்கற ஒளி வாள குடுத்ததுன்னு படத்துல வராம போன ஐடியாவும் இருக்கு. அதுவும் வீணாப் போகல, 2014ல வந்த 'ஸ்டார் வார்ஸ் ரிபெல்ஸ்' அனிமேஷன் சீரிஸ்ல ஸெப்னு வர்றவன் இவரு படத்துல வர்ற ரோமக்கார செவ்பாக்காவுக்கு மொதல்ல போட்ட உருவம் தான். என்ன, மனுஷன் அதப் பாக்கல, 2012லயே போயிட்டாரு.

கொறைன்னா, ஈ.டி. படத்துக்கு போட்ட கப்பல், ஆஸ்கார் வாங்கிக் குடுத்த 'கக்கூன்' பட வேலை எல்லாம் இதுல எதிர்பாக்காதீங்க, முழுக்க ஸ்டார் வார்ஸ் தான். எப்படி வரையறதுன்னு ஸ்டெப் ஸ்டெப்பா சொல்லித் தராது, அதுக்கு யூட்யூப் போங்க. வெல வேற பயமுறுத்தும், நல்ல ஆஃபர் வந்தா மட்டும் பாருங்க.

அண்ணன் பையன் புரட்டணும்னு நிக்கிறான், கைய கழுவிட்டு வாடான்னு அனுப்பியிருக்கேன்.