அழித்த மேக்புக்கில் மறுபடி மேக்ஓஎஸ்: இணையமா, பென்டிரைவா, இன்னொரு மேக்கா?

எஸ்எஸ்டியை (எல்லாத் தகவலும் இருக்கும் உள் டிரைவ்) முழுக்க அழித்துவிட்ட இன்டெல் மேக்புக்கை ஆன் செய்தால், திரை நடுவில் கேள்விக்குறி போட்ட ஃபோல்டர் ஒன்று மினுங்கும். அங்கிருந்து மேக்ஓஎஸ்ஸைத் திரும்ப ஏற்ற மூன்று வழிகள் உண்டு. ஒன்று, மீட்புக் கருவியையே ஆப்பிள் சர்வரிலிருந்து இறக்கும் இன்டர்நெட் ரெக்கவரி. இன்னொன்று பூட் ஆகும் பென்டிரைவ். மூன்றாவது, வேறொரு மேக்கோடு கேபிள் மாட்டிச் செய்யும் டிஎஃப்யூ ரீஸ்டோர். டிஎஃப்யூ என்பது சிப்பின் அடிப்படை மென்பொருளையே வெளியிலிருந்து ஏற்றவிடும் நிலை. இதில் எது நல்லது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. உள்ளே இருக்கும் சிப்தான் முடிவு செய்யும். 2017 மாடல் வரையிலான இன்டெல் மேக்புக்குகளில் பென்டிரைவ்தான் ராஜா. 2018 முதல் 2020 வரையிலான இன்டெல் மாடல்களில் டி2 என்ற ஆப்பிளின் பாதுகாப்புச் சிப் இருப்பதால், அது அதே பென்டிரைவை வாசலிலேயே நிறுத்திவிடும். எம்1 தொடங்கி வந்த ஆப்பிளின் சொந்தச் சிப்பான ஆப்பிள் சிலிக்கானில் கதையே வேறு.

திரை இருண்டு கிடக்கும் மெஷினில் சிப் எதுவென்று பார்க்க, அடிப்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மாடல் எண்ணைப் படியுங்கள். ஏ1466 என்றால் 2012 முதல் 2017 வரையிலான 13 அங்குல ஏர், டி2 இல்லை. ஏ1932, ஏ2179 இரண்டும் டி2 உள்ள ஏர். ஏ2337 என்றால் எம்1 ஏர். மற்ற எண்களை ஆப்பிள் தளத்தின் மாடல் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னும் அழிக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. டி2 அல்லது ஆப்பிள் சிலிக்கான் மெஷினில் மான்டரே அல்லது அதற்குப் பிந்தைய மேக்ஓஎஸ் இருந்தால், டிரைவை அழிக்க உதவும் டிஸ்க் யுட்டிலிட்டி ஆப் பக்கமே போகாதீர்கள். செட்டிங்ஸில் 'எரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்' இருக்கிறது. இந்த மெஷின்களில் எஸ்எஸ்டி எப்போதுமே என்கிரிப்ட் ஆகித்தான் கிடக்கும். இந்த வசதி அந்த என்கிரிப்ஷனைத் திறக்கும் சாவியை மட்டும் அழித்துவிடும். சாவி போனால் தகவலும் போச்சு. சிஸ்டம் பகுதி தொடப்படாமல் இருப்பதால் மேக்ஓஎஸ்ஸை மறுபடி ஏற்றவே வேண்டாம். சில நிமிட வேலை, ஐகிளவுட் கணக்கிலிருந்தும் அதுவே வெளியேற்றிவிடும். விற்பதற்காக அழிக்கிறவர்களில் பலருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

இன்டர்நெட் ரெக்கவரி

கையில் எதுவுமே இல்லாதவருக்கு இதுதான் வழி. இன்டெல் மேக்கில் பவர் பட்டனைத் தட்டிய உடனே கீபோர்டில் சாவிகளை அழுத்திப் பிடிக்க வேண்டும். கமாண்ட், ஆர் என்றால் டிஸ்க்கில் உள்ள ரெக்கவரி திறக்கும். அது அழிந்திருந்தால் இணையத்துக்குத் தாவும். ஆப்ஷன், கமாண்ட், ஆர் என்றால் அந்த மெஷின் தாங்கும் ஆகப் புதிய மேக்ஓஎஸ். அதோடு ஷிஃப்டும் சேர்த்தால், வாங்கியபோது இருந்தது, அல்லது அதற்கு நெருக்கமாக இன்னும் கிடைப்பது. உலக உருண்டை சுழன்றால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

எந்தக் கூட்டுச் சாவி என்பதை அலட்சியமாக விட்டால்தான் தலைவலி. 2017 ஏரை எடுத்துக்கொள்வோம். ஷிஃப்ட் சேர்த்தால் பழைய பதிப்பான சியரா வர வாய்ப்பு. ஷிஃப்ட் இல்லாமல் பிடித்தால் மான்டரே. சியராவோடு வரும் டிஸ்க் யுட்டிலிட்டிக்கு ஆப்பிளின் புதிய கோப்பு முறையான ஏபிஎஃப்எஸ்ஸில் ஃபார்மேட் செய்யத் தெரியாது. முன்பு மான்டரே ஓடிய எஸ்எஸ்டியை அதில் திறந்தால், உள்ளே இருப்பது என்னவென்றே புரியாமல் காட்டும். டிரைவ் கெட்டுவிட்டது என்று பயந்து கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு. டிரைவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஷிஃப்டை விட்டுவிட்டு மறுபடி பூட் செய்தால் சரியாகிவிடும்.

டிஸ்க் யுட்டிலிட்டியிலேயே இன்னொரு கண்ணி. திறந்ததும் இடப்பக்கம் வால்யூம் (டிரைவுக்குள் பிரித்த பகுதி) மட்டும்தான் தெரியும். வியூ மெனுவில் 'ஷோ ஆல் டிவைசஸ்' கொடுத்தால்தான் மேலே 'ஆப்பிள் எஸ்எஸ்டி' என்று தொடங்கும் முழு டிரைவும் தெரியும். முழுக்க அழித்த இன்டெல் மெஷினில் அந்த மேல் வரியைத் தேர்ந்து, ஃபார்மேட் ஏபிஎஃப்எஸ், ஸ்கீம் 'ஜியுஐடி பார்ட்டிஷன் மேப்' என்று வைத்து எரேஸ் கொடுங்கள். ஸ்கீம் தவறினால் அடுத்த திரையில் இன்ஸ்டாலர் அந்த டிஸ்க்கை ஏற்காது. கேட்டலினா பதிப்பிலிருந்து சிஸ்டமும் பயனர் தகவலும் தனித்தனி வால்யூம்கள். 'மேகின்டாஷ் ஹெச்டி'யை மட்டும் அழித்துவிட்டு 'டேட்டா' வால்யூமை விட்டுவைத்தால், புதிதாக ஏற்றியபின் பெயருக்குப் பின்னால் 'டேட்டா, டேட்டா' என்று ஒட்டிக்கொண்டு ஒரு அநாதை வால்யூம் ஜிபி ஜிபியாக இடத்தை அடைத்துக் கிடக்கும். எரேஸ் பெட்டியில் 'எரேஸ் வால்யூம் குரூப்' என்று கேட்டால் அதையே அழுத்துங்கள்.

இந்த வழியின் பலவீனம் நெட். முதலில் சில நூறு எம்பிக்கு ரெக்கவரி இறங்கும், பிறகு மேக்ஓஎஸ், புதிய பதிப்பென்றால் 12 ஜிபி அளவுக்கு. நாளுக்கு 1.5 அல்லது 2 ஜிபி தரும் ப்ரீபெய்டு பேக்கில் ஹாட்ஸ்பாட் போட்டு ஆரம்பித்தால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். பிரௌசரில் லாகின் கேட்கும் ஹாஸ்டல், லாட்ஜ் வைஃபை இங்கே செல்லாது. லாகின் பக்கத்தைக் காட்டவே ரெக்கவரிக்கு வழியில்லை. உருண்டை நின்று ஆச்சரியக்குறியோடு மைனஸ் 2003எஃப் போன்ற எண் வந்தால், பெரும்பாலும் நெட் கோளாறு. வேறு வைஃபை மாற்றிப் பாருங்கள்.

'ரெக்கவரி சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்று வந்தால் கடிகாரத்தைச் சந்தேகியுங்கள். பேட்டரி முழுக்க இறங்கி மாதக்கணக்கில் கிடந்த மெஷினில் தேதி பல ஆண்டு பின்னால் போயிருக்கும். தேதி பொருந்தாவிட்டால் சர்வரின் சான்றிதழை மேக் நம்பாது. யுட்டிலிட்டிஸ் மெனுவில், கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் டெர்மினலைத் திறந்து, தேதிக்கான நான்கெழுத்து ஆங்கிலச் சொல்லைச் சின்ன எழுத்தில் அடித்தால் இப்போதைய தேதி தெரியும். அதே சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு மாதம், நாள், மணி, நிமிடம், ஆண்டு என்று இரண்டிரண்டு இலக்கமாகக் கொடுத்தால் மாறிவிடும்.

பென்டிரைவ்

டி2 இல்லாத பழைய மேக்புக்குக்கு, அதுவும் இரண்டு மூன்று மெஷின்களுக்கு ஏற்ற வேண்டுமென்றால், இதற்கு ஈடு கிடையாது. ஒருமுறை இறக்கினால் போதும். 32 ஜிபி பென்டிரைவ் வாங்குங்கள். புதிய பதிப்புகளுக்கு 16 ஜிபி இறுக்கிப் பிடிக்கும். ஒரு நிபந்தனை உண்டு: தயார் செய்ய ஓடுகிற மேக் ஒன்று வேண்டும். விண்டோஸிலிருந்து செய்யச் சுற்றுவழிகள் இருக்கின்றன, ஆனால் புதியவருக்கு நான் சொல்லமாட்டேன்.

பென்டிரைவை 'மேக்ஓஎஸ் எக்ஸ்டெண்டட் ஜர்னல்டு', ஜியுஐடி என்று ஃபார்மேட் செய்து, முழு இன்ஸ்டாலரை அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். பிறகு அந்த இன்ஸ்டாலருக்கு உள்ளேயே இருக்கும் 'கிரியேட் இன்ஸ்டால் மீடியா' கருவியை டெர்மினலில் அட்மின் உரிமையோடு ஓட்ட வேண்டும். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூட விழாது. அடித்துவிட்டு என்டர் தட்டுங்கள். இன்ஸ்டாலர் செல்லாதது என்று டெர்மினல் திட்டினால் கோப்பின் அளவைப் பாருங்கள். சில மேக்குகளில் வெறும் சில பத்து எம்பி கொண்ட குட்டி இன்ஸ்டாலர் இறங்கிவிடும்; அதை வைத்து பென்டிரைவ் செய்ய முடியாது. பல ஜிபி இருந்தால்தான் அது முழுசு.

எப்போதோ செய்து மேசை இழுப்பறையில் போட்டுவைத்த பென்டிரைவ் திடீரென்று 'இந்த இன்ஸ்டாலர் சேதமடைந்துள்ளது' என்று சொல்லும். சேதம் ஒன்றுமில்லை. அக்டோபர் 24, 2019க்கு முன் இறக்கிய இன்ஸ்டாலர்கள் பலவற்றின் சான்றிதழ் அன்றோடு காலாவதி ஆனது. புதிதாக இறக்கினால் தீர்ந்தது. முடியாவிட்டால் வைஃபையை அணைத்துவிட்டு, மேலே சொன்ன முறையில் தேதியைப் பின்னுக்குத் தள்ளுங்கள்: 0601120018 என்று கொடுத்தால் ஜூன் 1, 2018 நண்பகல்.

இனி டி2. இந்த மெஷின்களில் வெளி டிரைவிலிருந்து பூட் ஆவது கம்பெனியிலிருந்தே தடை. 'ஸ்டார்ட்டப் செக்யூரிட்டி யுட்டிலிட்டி'யில் அதை அனுமதிக்கலாம், ஆனால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். டிஸ்க்கை அழித்தபோதே அட்மினும் அழிந்துவிட்டாரே! பாஸ்வேர்டு தெரிந்திருந்தும் பயனில்லை, ஆளே இல்லை என்று கைவிரிக்கும். ஆகவே டி2 மெஷினில் பென்டிரைவ் வேண்டுமென்றால் அனுமதியை அழிப்பதற்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல் அழித்தவர் பென்டிரைவைக் கழற்றி வைத்துவிட்டு ஆப்ஷன், கமாண்ட், ஆர் பிடிக்க வேண்டியதுதான்.

பென்டிரைவ் இருந்தால் நெட்டே வேண்டாம் என்று நினைப்பதும் தப்பு. மாடலுக்குரிய ஃபர்ம்வேரை (வன்பொருளை இயக்கும் அடிப்படை மென்பொருள்) எடுக்க இன்ஸ்டாலர் ஆப்பிள் சர்வரைத் தேடும். மிச்சமாவது 12 ஜிபி மட்டும்.

இன்னொரு மேக், ஒரு கேபிள்

ஆப்பிள் சிலிக்கானில் முதலில் பவர் பட்டனை விடாமல் பிடித்து, ஆப்ஷன்ஸ் வழியே ரெக்கவரிக்குப் போய்ப் பாருங்கள். மேகின்டாஷ் ஹெச்டியை மட்டும் அழித்திருந்தால் ரெக்கவரி எஸ்எஸ்டியின் தனி மூலையில் பத்திரமாக இருக்கும். மேக்ஓஎஸ்ஸை நெட்டிலிருந்து இறக்கி ஏற்றிக்கொள்ளும். அந்த மூலையையும் சேர்த்து வழித்தெடுத்திருந்தால், இன்டெல்லில் போல இணையத்திலிருந்து உருண்டை வந்து காப்பாற்றாது. பென்டிரைவும் உதவாது, வெளி டிரைவிலிருந்து பூட் ஆவதற்கே உள் எஸ்எஸ்டியில் இருக்கும் ஆரம்பப் பகுதிகள் வேண்டும். மிச்சம் டிஎஃப்யூ மட்டும்.

உதவிக்கு வரும் மேக்கில் மேக்ஓஎஸ் சொனோமா அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் ஃபைண்டரே போதும். பழையதென்றால் ஆப்பிள் கான்ஃபிகரேட்டர் என்ற ஆப் வேண்டும். கேபிள் விஷயத்தில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். இருபக்கமும் யுஎஸ்பி சி, சார்ஜும் டேட்டாவும் இரண்டும் போகக்கூடியது வேண்டும். தண்டர்போல்ட் 3 கேபிள் வேண்டாம். போர்ட்டும் குறிப்பிட்ட ஒன்றுதான்: பெரும்பாலான மாடல்களில் இடப்பக்கம், திரைக் கீலுக்கு அருகில் உள்ளது, சில புதிய மாடல்களில் மாறும்.

பவர் பட்டனை ஒருமுறை தட்டி விட்டு, உடனே இடது கன்ட்ரோல், இடது ஆப்ஷன், வலது ஷிஃப்ட், பவர் நான்கையும் சேர்த்துப் பிடியுங்கள். பத்து விநாடி கழித்து மூன்று சாவிகளை விட்டு, பவரை மட்டும் பிடித்தபடி இருங்கள். சாகக் கிடக்கும் மெஷினின் திரை கடைசிவரை கருப்பாகவே இருக்கும்; பார்க்க வேண்டியது மற்ற மேக்கின் திரையை. அங்கே டிஎஃப்யூ என்று வரும்போது கையை எடுக்கலாம். ஆப்பிள் லோகோ தெரிந்தால் நேரம் தவறிவிட்டது, மறுபடி முதலிலிருந்து. இரண்டு மூன்று முறை தவறுவது சகஜம்.

பிறகு இரண்டு பொத்தான்கள். ரிவைவ் என்றால் ஃபர்ம்வேரும் ரெக்கவரியும் மட்டும் புதுசாகும். ரீஸ்டோர் என்றால் எல்லாம் அழிந்து, ஆப்பிள் சிலிக்கானில் மேக்ஓஎஸ்ஸும் சேர்ந்தே ஏறிவிடும். டி2வில் ரீஸ்டோர் செய்தால் அந்தச் சிப்பின் மென்பொருள் மட்டும்தான் ஏறும். மேக்ஓஎஸ்ஸுக்கு மறுபடி இன்டர்நெட் ரெக்கவரிக்கு வர வேண்டும். ஆகவே டி2காரர்கள் டிஎஃப்யூவைத் தேடிப்போக வேண்டாம், மெஷின் ஆன் ஆகவே மறுத்தாலொழிய.

பழைய உரிமையாளரின் கணக்கோடு மெஷினைப் பூட்டிவைக்கும் ஆக்டிவேஷன் லாக்கை இந்த மூன்று வழிகளில் எதுவும் உடைக்காது. டி2விலும் ஆப்பிள் சிலிக்கானிலும் அது ஆப்பிள் சர்வரில் கிடக்கிறது. எத்தனை முறை அழித்து ஏற்றினாலும் அவருடைய ஆப்பிள் ஐடி கேட்டு நிற்கும். விற்றவர் தன் கணக்கிலிருந்து மெஷினை நீக்கினால்தான் வழிவிடும்.

எந்த வழியில் ஏற்றினாலும் சார்ஜரை மாட்டியே வையுங்கள். மீதி நேரம் நகராமல் நின்றால் உடனே பவரை அமுக்காமல், ரெக்கவரி திரையில் கமாண்ட், எல் தட்டி இன்ஸ்டாலர் லாகைத் திறந்து பாருங்கள். வரிகள் ஓடிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. மெஷினை அடுத்தவருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், வரவேற்புத் திரை வந்ததும் கமாண்ட், க்யூ தட்டி அணைத்துவிடுங்கள். நாடு, மொழி கேள்விகளை அவரே பார்த்துக்கொள்வார்.