தொடை இடுக்கில் அரிப்பு என்று லாட்ஜ் வைத்தியரிடம் போய்விடாதீர்கள்

தொடை இடுக்கிலோ ஆணுறுப்பிலோ அரிப்பு, சிவப்பு, தோல் உரிதல் என்று யாரிடமும் வாய் திறக்க முடியாமல் தவிக்கிற ஆண்கள் இதை முழுசாகப் படியுங்கள். மாதத்தில் இன்ன தேதி இன்ன ஊர் என்று டிவியிலும் பஸ் ஸ்டாண்ட் சுவரிலும் விளம்பரம் போட்டு, லாட்ஜில் ரூம் எடுத்து வைத்தியம் பார்க்கிறார்களே, அப்படி ஒருவரிடம் என் பணம் 14,500 ரூபாய் போனது. அதைவிடப் பெரிய நஷ்டம், எனக்கு எய்ட்ஸ் வந்துவிட்டது என்று நம்பி மாதக்கணக்கில் தூங்காமல் கிடந்ததுதான்.

எனக்குக் கோயம்புத்தூரில் ஃபவுண்டரி வேலை. உலைப் பக்கம் நிற்க வேண்டும், ஜீன்ஸ் வியர்வையில் நனைந்து தொடையோடு ஒட்டிக்கொள்ளும், ஷிப்ட் முடிகிறவரை மாற்ற முடியாது. வெயில் காலத்தில் தொடை இடுக்கில் வட்டமாகச் சிவந்து, ஓரம் மட்டும் தடித்து, ராத்திரியானால் அரிப்பு உயிரை எடுத்தது. அதற்குச் சில மாதம் முன்னால் பாதுகாப்பு இல்லாமல் ஒரு உறவு இருந்தது, அதனால் மனசு நேராக அங்கேதான் போனது. கல்யாணம் வேறு நிச்சயமாகியிருந்தது. இப்படி இருக்கிறவன் எவ்வளவு பயந்திருப்பான் என்று அந்த ஆட்களுக்கு நன்றாகத் தெரியும், அந்தப் பயத்தை வைத்துத்தான் பிழைப்பே.

ரூமில் கட்டிலை ஓரமாகத் தள்ளி மேஜை போட்டிருந்தார். மேஜையில் ஸ்டெதாஸ்கோப், சுவரில் சாமி படம், பக்கத்திலேயே சட்டம் போட்ட சான்றிதழ். நாடி பிடித்தார். "வெளிச் சகவாசம் உண்டா தம்பி?" என்றார். உண்டு என்றதும் அதற்கப்புறம் முழுக்க அவர் பேச்சுதான். வெட்டை, மேகம் (பால்வினை நோய்களுக்கு இவர்கள் சொல்கிற பெயர்கள்), ரத்தத்தில் கலந்துவிட்டது, "இப்படியே கல்யாணம் பண்ணினா அந்தப் பொண்ணுக்கும் வரும், பிறக்கிற பிள்ளைக்கும் வரும்." இவ்வளவும் சொன்னவர் அரிப்பு இருக்கிற இடத்தைப் பார்க்கவே இல்லை. பேன்ட்டைக் கழற்றச் சொல்லவில்லை, டார்ச் அடித்துப் பார்க்கவில்லை, ரத்தம் எடுக்கவில்லை.

ஒரு கண்ணாடி டம்ளரைக் கொடுத்து பாத்ரூமில் போய் சிறுநீர் பிடித்து வரச் சொன்னார். அதில் ஒரு மஞ்சள் தாளை முக்கினார், தாள் ரத்தச் சிவப்பாக மாறியது. "பாத்தீங்களா தம்பி, கிருமி" என்றார். அந்தத் தாளில் ஏற்றியிருந்தது மஞ்சள்தூள். மஞ்சளில் காரத்தன்மை உள்ள பொருள் பட்டால் சிவக்கும், ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு கலந்ததும் சிவக்கிறதே, அதே சமாசாரம். சிறுநீர் பொதுவாக லேசான அமிலத்தன்மை கொண்டது, அது மஞ்சளைச் சிவக்க வைக்காது, ஆக டம்ளரின் அடியில் முன்பே சோடா உப்போ சுண்ணாம்போ தடவி வைத்திருக்க வேண்டும். பால்வினை நோயைக் காட்டிக்கொடுக்கிற மஞ்சள் தாள் என்று ஒன்று கிடையவே கிடையாது.

லேகியம், பொட்டலத்தில் பொடி, லேபிள் இல்லாத பாட்டிலில் எண்ணெய். பில் கேட்டால் மூலிகைக்குப் பில் கிடையாதாம். எண்ணெய் பட்ட இடம் தீயாக எரிந்தது, விதைப்பைத் தோல் வெந்து உரிந்து நீர் கசிந்தது. போன் போட்டால் "கிருமி வெளிய வருது தம்பி, விடாம போடுங்க" என்றார், கூடவே அடுத்த கோர்ஸுக்குப் பணம் அனுப்பச் சொன்னார்.

எரிச்சல் தாங்காமல் மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன், எதுவும் விசாரிக்காமல் ஒரு கிரீமை எடுத்துக் கொடுத்தார்கள். இதையும் சொல்லியாக வேண்டும். போட்ட உடனே அரிப்பு அடங்கியது, நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் தொடை முழுக்கப் பரவியது. அந்த டியூபில் குளோபிடாசால் இருந்தது, வீரியமான ஸ்டீராய்டு. அது அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளரவிடும், தோலை மெலிய வைக்கும். என் தொடையில் விழுந்த வரி வரியான கோடுகள் இனிப் போகாது. இந்த மாதிரி தோலில் தடவுகிற ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியைத் திருத்திவிட்டது. இன்றைக்கும் மிட்டாய் கேட்டால் கொடுப்பதுபோல எடுத்துக் கொடுக்கிறார்கள்.

கடைசியில் ரூமில் கூட இருக்கும் அண்ணன் ஒருவர் அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே இருந்த டாக்டர் அம்மா கேட்ட முதல் கேள்வி, "இதுவரைக்கும் என்னென்ன தடவினீங்க?" திரைக்குப் பின்னால் நிற்க வைத்து லைட் அடித்துப் பார்த்தார். தடித்த ஓரத்தை பிளேடால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் போட்டு, ஒரு சொட்டு மருந்து விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். பூஞ்சை இழைகள் தெரிந்தன. படர்தாமரை. மேகமும் இல்லை, வெட்டையும் இல்லை. விதைப்பைப் புண் அந்த எண்ணெயால் வந்தது.

உறவு பற்றியும் சொன்னேன், முகம் சுளிக்கவில்லை. அதே ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கிற நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினார். தனி அறையில் ஆலோசகர் பேசினார், எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் ரத்தம் எடுத்தார்கள், எச்.ஐ.வி., சிபிலிஸ் என்கிற பால்வினை நோய் இரண்டுக்கும் டெஸ்ட், ஒரு பைசா செலவில்லை. இரண்டும் இல்லை என்று வந்தது. உறவு நடந்து மூன்று மாதம் தாண்டிவிட்டதால் அந்த ரிசல்ட்டே போதும் என்றார்கள். அதற்கு முன்னால் டெஸ்ட் எடுக்கிறவர்கள், மறுபடி எப்போது வர வேண்டும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரை பெயரை இங்கே எழுதப் போவதில்லை, இப்போது நம் நாட்டில் பரவுகிற படர்தாமரை வழக்கமான மருந்துக்கே பலருக்கு அடங்குவதில்லை, ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுக்கிறார்கள். ஆனால் களிம்பைச் சிவப்பு ஓரத்தைத் தாண்டியும் தடவ வேண்டும், அரிப்பு நின்றதும் நிறுத்திவிடக் கூடாது, டவலையும் ஜட்டியையும் யாரோடும் பகிரக் கூடாது, வெயிலில் காயப்போட வேண்டும். இது எல்லாருக்கும் பொது.

அதற்காக, அரிப்பு என்றால் எப்போதும் படர்தாமரைதான் என்று நான் சொல்ல வரவில்லை. முன்தோலுக்கு அடியில் சிவந்து வெள்ளையாகப் படிந்தால் அது கேண்டிடா என்கிற வேறொரு பூஞ்சையாக இருக்கலாம், சுகர் பார்க்கச் சொல்வார்கள். ராத்திரி அரிப்போடு விரல் இடுக்கிலும் பொரி வந்து, வீட்டில் மற்றவர்களும் சொறிந்தால் சிரங்கு. வலியே இல்லாத புண் வந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள், சிபிலிஸ் புண் தானாக ஆறிவிடும், நோய் உள்ளேயே தங்கிவிடும், காலத்தோடு போனால் பென்சிலின் ஊசியிலேயே குணமாகிற நோய் அது. கொத்தாகக் கொப்புளம், சீழ் வடிதல், சிறுநீர் போகும்போது எரிச்சல் இதற்கெல்லாமும் உடனே போக வேண்டும். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 1097-க்கு போன் செய்யுங்கள், எச்.ஐ.வி., பால்வினை நோய் பற்றிய அரசு இலவச எண்.

பால்வினை நோயைக் குணப்படுத்துகிறேன் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். பட்டப்படிப்பு படித்த சித்த மருத்துவர்கள் அரசு ஆஸ்பத்திரிகளிலேயே இருக்கிறார்கள், அவர்களை இந்த லாட்ஜ் ஆட்களோடு சேர்க்காதீர்கள். டாக்டர் என்று சொல்கிறவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள், மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் சரிபார்க்கலாம். போலி என்றால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். நான் கொடுத்திருக்கிறேன், பணம் அனுப்பிய ரசீதும் மீதி எண்ணெய் பாட்டிலும் கைவசம் இருக்கின்றன. உங்களிடமும் அந்த மாதிரி பாட்டிலோ பொட்டலமோ இருந்தால் தூக்கி எறியாமல் வைத்திருந்து புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.