பாதரச பாரோமீட்டரா, அனிராய்டா?

காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டர்களில், இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லி 1643-இல் செய்து காட்டிய பாதரசக் குழாய்தான் மூத்தது. குழாயில் பாதரசம் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அதுவே காற்றழுத்தம். கடல் மட்டத்தில் சராசரியாக 760 மி.மீ. அதையே தண்ணீரில் அளக்க நினைத்தால் 10 மீட்டருக்கு மேல் குழாய் வேண்டும்!

துல்லியத்தில் இதை அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் பாதரசம் வெப்பத்தில் விரியும். 30 டிகிரி செல்சியஸில், 0 டிகிரியில் காட்டுவதைவிட ஏறக்குறைய 4 மி.மீ. கூடுதலாகக் காட்டும்; அதைக் கழித்தே ஆக வேண்டும். போதாக்குறைக்கு அது நச்சு. உடைந்தால் பெரிய தொல்லை.

அனிராய்டில் திரவமே கிடையாது. காற்று நீக்கப்பட்ட மெல்லிய உலோகப் பெட்டி அழுத்தத்துக்கு ஏற்பச் சுருங்கி விரியும். நெம்புகோல்கள் அந்த அசைவைப் பெருக்கி முள்ளைத் திருப்பும். கண்ணாடியை விரலால் லேசாகத் தட்டிவிட்டுப் பாருங்கள், சிக்கியிருந்த முள் சரியான இடத்துக்கு நகரும். ஒரே குறை, நாளாக நாளாக அளவு விலகும். பின்புறத் திருகைத் திருப்பி, பக்கத்து வானிலை நிலையத்தின் கடல் மட்ட அளவோடு பொருத்திக்கொண்டால் சரி.

அப்புறம் அலகு. பாதரசம் மி.மீ.-இல் பேசும், வானிலை அறிக்கை ஹெக்டோபாஸ்கலில் பேசும். மி.மீ.-ஐ 4-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் போதும்: 750 மி.மீ. என்றால் 1000 ஹெக்டோபாஸ்கல். மில்லிபார் என்ற அலகைப் பார்த்தால், அதுவும் ஹெக்டோபாஸ்கலும் ஒன்றேதான், குழம்ப வேண்டாம்.

வீட்டுக்கு என்றால் யோசிக்காமல் அனிராய்டு வாங்கலாம்.