உப்புக்காற்றில் எது நிற்கும்? உலோக நாடாவும் கரிமப் பூச்சும்

பாம்பனில் ஃபைபர் படகுகளின் விஎச்எஃப் வானொலிக் கருவி இரைகிறது என்று வருபவர்கள் முதலில் ஆன்டெனாவைத்தான் குறை சொல்கிறார்கள். பல நேரம் காரணம், எல்இடி விளக்கை இயக்கும் சிறிய மின்சுற்று. அது நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுகிறது. அதில் பிறக்கும் இரைச்சல், அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலின் 156.8 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறிவிடும். நடுக்கடலில் அந்தச் சேனல் கேட்காமல் போவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஃபைபர் உடல் அலையைத் தடுக்காது; சுற்றைத்தான் மின்கடத்தும் உறையால் மூட வேண்டும். அதற்கு உலோக நாடா ஒட்டலாம், அல்லது கரிமப் பூச்சு பூசலாம்.

கடத்துதிறனில் செம்புக்கும் அலுமினியத்துக்கும் பக்கத்தில்கூடக் கரிமம் வராது. ஆனால் ஐப்பசியில் நான் அலுமினிய நாடா ஒட்டிய ஒரு பெட்டியைப் பங்குனியில் திறந்தபோது, மடிப்புகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. மல்டிமீட்டரின் இரு முனைகளையும் மடிப்பின் இருபுறமும் வைத்தேன், தொடர்பே இல்லை. நடுப்பகுதி பளபளவென்று இருந்து என்ன பயன்? அலை அந்த இடுக்கு வழியே கசிந்துவிடும்.

கரிமத்தின் ஒரு வடிவமான கிராஃபைட்டின் பூச்சு துருப்பிடிக்காது. பிளாஸ்டிக் பெட்டியின் உட்புறம் தூரிகையால் பூசலாம், மூலை முடுக்கெல்லாம் ஏறும். பூச்சின் தடை சதுரத்துக்கு (எந்த அளவுச் சதுரமானாலும் எதிரெதிர் விளிம்புகளுக்கு இடையே) 20 ஓம் வந்தால் தடுப்பு சுமார் 20 டெசிபல். அதாவது நூறில் ஒரு பங்கு சக்திதான் கடக்கும். நல்ல உலோக உறையோடு ஒப்பிட்டால் குறைவுதான், விளக்குப் பெட்டிக்கு அது போதும். பிணைக்கும் பசையைப் பார்த்து வாங்குங்கள்: நீரில் கரையும் பசை ஈரத்தில் உரிந்துவிடும், எபாக்ஸி நிற்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: அலுமினியப் பெட்டியின் மேல் கிராஃபைட் பூசுவது. உப்பு ஈரத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டால் பேட்டரிபோல் ஆகி, அலுமினியம் அரிக்கப்பட்டுக் குழி விழும். கரிம இழைத் தகட்டுக்கும் இதே எச்சரிக்கை. அதில் அலுமினியத் திருகு போடவே கூடாது.

நுண்ணிய கரிப்பொடியான கார்பன் பிளாக் மலிவு, ஆனால் மின்சாரம் ஓடும் அளவுக்குக் கலந்தால் கலவை கெட்டியாகிவிடும். கரிம அணுக்களால் ஆன நுண்குழாயான நானோகுழாய் நீண்டு மெலிந்தது என்பதால் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகக் கலந்தாலே வலைபோல் பின்னிக்கொள்ளும். 2004-இல் பிரித்தெடுக்கப்பட்ட, ஒரே அணு தடிமனுள்ள கரிமத் தாளான கிராஃபீனும் வியப்பானதுதான். இரண்டும் படகுக்காரர் கைக்கு எட்டும் விலைக்கு வரட்டும், பேசலாம்.

நம் மாவட்டத்துச் சீமைக்கருவேலக் கரியைப் பொடித்துக் கலக்கலாமா என்று கேட்கிறார்கள். மண் மூடி எரிக்கும் மூட்டத்தில் வெந்த கரி பெரும்பாலும் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதைவிடப் பல நூறு டிகிரி கூடுதல் சூடு வேண்டும்.

ஆகவே விளக்குச் சுற்றுக்கு நான் பிளாஸ்டிக் பெட்டியும் எபாக்ஸி கிராஃபைட்டும்தான் போடுகிறேன். கம்பி வெளியேறும் வாயில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தையும் மாட்டிவிடுகிறேன். இல்லையென்றால் பெட்டிக்குள் அடைத்த இரைச்சல் கம்பி வழியே வெளியே வந்துவிடும்.