கீசர் சர்வீஸ்: பிளேட்டைக் கழட்டுகிறவருக்கே காசு

மார்கழியில் பெரம்பூரிலிருந்து திருவொற்றியூர் வரை எந்த கீசர் மெக்கானிக்கைக் கூப்பிட்டாலும் "நாளைக்கு வர்றேன் சார்"தான். சென்னைக் குளிர் விடியற்காலையில் 20, 21 டிகிரி; அதற்கெல்லாம் கீசர் கெடாது. மாசக்கணக்கில் சும்மா கிடந்ததைத் திடீரென்று தினம் போடும்போது, போர் தண்ணி உள்ளே சேர்த்து வைத்த உப்பு வேலையைக் காட்டுகிறது.

'ஜெனரல் சர்வீஸ்' என்ற ஒரே பெயரில் இங்கே இரண்டு வேலை நடக்கிறது. தண்ணியை வடித்து, ஒயரை முறுக்கி, மேலே துடைத்துவிட்டுப் போவது ஒன்று. அதற்குக் கொடுப்பது தண்டச் செலவு. மெயினை அணைத்து, தண்ணி உள்ளே வரும் இன்லெட்டை மூடி, டேங்கை வடித்து, அடி பிளேட்டின் நட்டுகளைக் கழட்டி, தண்ணியைச் சூடாக்கும் காயிலையும் டேங்க் அரிக்காமல் காக்கும் மெக்னீசியம் ராடையும் வெளியே எடுப்பது மற்றொன்று. கூப்பிடும்போதே "பிளேட் கழட்டுவீங்களா, கேஸ்கெட் கொண்டு வருவீங்களா?" என்று கேளுங்கள். பிளேட் இடுக்கில் கசியாமல் இருக்கப் போடும் ரப்பர் வளையம்தான் கேஸ்கெட்; பழையதையே திரும்பப் போட்டால் கசிவு நேராக ஒயர் இணைப்பில் இறங்கும். இந்த வேலையில் அதிகம் சொதப்புவது இங்கேதான்.

காயிலில் வெள்ளையாக ஏறியிருக்கும் உப்பை ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் உறை கீறிப்போகும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு அரை மணி ஊறவிட்டால் தானே பொரிந்து விழும். ராடு பாதிக்கு மேல் கரைந்து நடுக்கம்பி தெரிந்தால் புதுசு போட வேண்டும். டேங்கை அரிக்க வேண்டியது அதற்குப் பதில் ராடை அரிக்கிறது, அவ்வளவுதான். தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் போர் தண்ணி ஓடும் வீடுகளில் வருஷம் ஒருமுறை பார்ப்பது நல்லது. டேங்கே ஓட்டையானால் பத்த வைக்கிறேன் என்பவரை நம்பாதீர்கள்.

"சூடாக லேட்டாகுது" என்றதும் காயிலை மாற்றச் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். 15 லிட்டர், 2000 வாட் கீசர் 25 டிகிரித் தண்ணியை 60க்குக் கொண்டுவர 18 நிமிஷம் ஆகும். காலையில் வோல்டேஜ் 190க்கு இறங்கினால் அதுவே 27 நிமிஷம். அதில் காயில் மேல் குற்றமில்லை. லைட் சீக்கிரமே அணைந்தும் தண்ணி வெதுவெதுப்பாகவே இருந்தால், சூடு பார்த்து கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டின் குழாயைச் சுற்றி உப்பு மூடியிருக்கலாம். சுவிட்ச் போட்டதும் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) விழுந்தால் பெரும்பாலும் காயில் உறை வெடித்து கரண்ட் எர்த்துக்குப் போகிறது. ஆர்சிசிபியை பைபாஸ் பண்ணித் தருகிறேன் என்கிற மெக்கானிக்கை வாசலோடு அனுப்பிவிடுங்கள். குளிக்கிறவர் உயிர் சம்பந்தப்பட்டது. பிளக் கருகியிருந்தால், கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும் கீசரை 6 ஆம்பியர் பாயிண்டில் மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

சேஃப்டி வால்வு சொட்டுவதைக் கோளாறு என்று சொல்லி மாற்றுவதும் உண்டு. 15 லிட்டர் தண்ணி 60 டிகிரிச் சூட்டுக்கு விரிந்தால் ஒரு டம்ளர் அளவு கூடும். சூடாகும்போது சொட்டினால் வால்வு சரியாக வேலை செய்கிறது. அணைத்த பிறகும் நிற்காமல் ஒழுகினால் மட்டும் மாற்றலாம். எம்-சீல் வைத்து அடைப்பது டேங்க் வெடிக்க வழி.

கழட்டிய பழைய ராடை வாங்கி வைத்துக்கொண்ட பிறகு காசு கொடுங்கள். ராடை மாற்றாமலே புதுசு போட்டதாக பில் போடுவது நடக்கிறது. மாட்டி முடித்ததும் இன்லெட்டைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்று அடங்கித் தண்ணி சீராக வந்த பிறகே சுவிட்ச் போட வேண்டும். காலி டேங்கில் போட்டால் புதுக் காயிலும் அங்கேயே எரியும்.